கண்ணீர் வற்றும் நோய்: நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான ஓர் உட்பகை

அழுது அழுது கண்ணீரே வற்றிவிட்டது என்று பேச்சுவழக்கில் சொல்வோம். உண்மையில் அழுகையால் கண்ணீர் வற்றுவதில்லை. நலமாக உள்ள சுரப்பி எவ்வளவு அழுதாலும் மறுபடி சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அழுகைக்கும் துயரத்துக்கும் தொடர்பே இல்லாமல், சுரப்பியே மெல்ல மெல்ல அழிந்து கண்ணீர் வற்றிப்போகும் நோய் ஒன்று உண்டு. வெங்காயம் நறுக்கும்போது கண் எரிகிறது, நீர் மட்டும் வரவில்லை என்று ஒரு பெண்மணி மருத்துவரிடம் சொல்வதும், நாயின் கண்ணில் தினமும் காலையில் பசைபோலப் பீளை கட்டியிருக்கிறது, எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வருகிறது என்று அதை வளர்ப்பவர் கால்நடை மருத்துவரிடம் சொல்வதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறைகளாகத் தோன்றலாம். பல வேளைகளில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தக் கண்ணீர்ச் சுரப்பியைப் பகையாக எண்ணித் தாக்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள, முதலில் கண்ணீர் என்பது வெறும் உப்புநீர் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியின் மேல் மிக மெல்லிய ஒரு படலம் பூசப்படுகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகள்தான். கண்ணின் பரப்பை ஒட்டி, சளி போன்ற வழவழப்பான பொருள் இருக்கிறது. நீர் வழுக்கி ஓடிவிடாமல் அதுதான் கண்ணோடு பிடித்துவைக்கிறது. அதனோடு கலந்து, கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இமை விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்சுரப்பிகள் தரும் எண்ணெய் பரவி, நீர் ஆவியாகாமல் மூடுகிறது. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் பார்வை தெளிவாக இராது. ஆகவே அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து இந்தப் படலத்தின் வழியாகவே பெறுகிறது. கிருமிகளைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியும் கண்ணீரில் உண்டு. பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922-இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் அறிவித்த கண்டுபிடிப்பு அதுதான். கண்ணீர் குறைந்தால் கண்ணுக்கு ஈரமும் உணவும் காவலும் ஒருசேரக் குறைகின்றன.

மனிதருக்கு முதன்மையான கண்ணீர்ச் சுரப்பி கண்ணுக்கு மேலே, வெளிப்புற ஓரத்தில், எலும்புக் குழியினுள் இருக்கிறது. நாய்க்கும் அப்படியொன்று உண்டு; அத்துடன், கண்ணின் உள்மூலையில் மறைந்திருக்கும் மூன்றாம் இமையின் அடியில் இன்னொரு சுரப்பியும் உண்டு. நாயின் கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இந்தச் சிறிய சுரப்பியே தருகிறது. கண்ணாடியில் பார்த்தால் நம் கண்ணின் உள்மூலையில் இளஞ்சிவப்பாகத் தெரியும் சிறு மடிப்பு, அந்த மூன்றாம் இமையின் எச்சம்தான்.

கண் உலர்வது இரண்டு வழிகளில் நேரலாம். ஒன்று, நீர் போதுமான அளவு சுரந்தும் எண்ணெய்ப் படலம் பழுதாகி விரைவில் ஆவியாகிவிடுவது. மனிதரிடம் இதுவே பெரும்பான்மை. நாள் முழுதும் திரையைப் பார்த்து இமைக்க மறப்பவர்களுக்கும், குளிரூட்டிய அறையில் வேலை செய்பவர்களுக்கும் வரும் எரிச்சல் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, நீரே சுரக்காமல் போவது. நாய்களிடம் காணப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

சுரப்பி ஏன் நின்றுபோகிறது? நம் உடலில் சுற்றிவரும் வெள்ளணுக்களில் லிம்போசைட்டு என்பது ஒரு வகை. அன்னியக் கிருமியையும் சொந்தத் திசுவையும் பிரித்தறிவது அதன் வேலை. பரம்பரைக் கூறுகளும் சூழலும் சேர்ந்து ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பகுத்தறிவு பிசகும்போது, லிம்போசைட்டுகள் கண்ணீர்ச் சுரப்பிக்குள் கூட்டமாக நுழைந்து, நீர் சுரக்கும் செல்களைச் சூழ்ந்து அழிக்கத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் சுரப்பி வீங்கி, பாதி வேலைசெய்யும். இந்நிலையில் தாக்குதலை நிறுத்தினால் அது மீண்டுவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால், சுரக்கும் செல்கள் இருந்த இடத்தில் தழும்புத் திசு மட்டுமே மிஞ்சும்; பிறகு எந்த மருந்தாலும் சுரக்க வைக்க முடியாது. இவ்வாறு உடல் தன்னையே தாக்கும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம். ஆட்டோ இம்யூன் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். இதில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

ஆனால் நாயின் கண் பார்வைக்கு உலர்ந்தது போலவே தெரியாது. நோயைத் தவறவிட இதுவே முதல் காரணம். நீர் குறைந்தாலும் சளிப்பொருள் தரும் செல்கள் தொடர்ந்து, சொல்லப்போனால் முன்னிலும் மிகுதியாக, வேலை செய்கின்றன. அதைக் கழுவிக்கொண்டு போக நீர் இல்லை. எனவே இழுத்தால் நூலாக நீளும், மஞ்சளோ பச்சையோ கலந்த கெட்டியான பீளை சேர்கிறது. கண்ணும் சிவந்திருக்கும். பார்ப்பவர் இதை மெட்ராஸ் ஐ போன்ற தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து விடுகிறார். காவல் இழந்த கண்ணில் பாக்டீரியா பெருகியிருப்பது உண்மைதான் என்பதால், மருந்து விட்டவுடன் சற்றுக் குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. இப்படிச் சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருக்கும் சில மாதங்களில் கருவிழி பளபளப்பை இழக்கிறது, அதில் இரத்தக் குழாய்கள் ஊடுருவுகின்றன, பின்பு பழுப்பு நிறமி படர்ந்து திரை போட்டதுபோல் பார்வையை மறைக்கிறது. இடையில் புண் ஏற்பட்டு ஆழமானால் கருவிழி துளைபட்டுக் கண்ணையே இழக்கவும் கூடும். பீளை தொடர்ந்து வரும் எந்த நாய்க்கும், சொட்டு மருந்து எழுதுவதற்கு முன் கண்ணீரை அளந்து பார்ப்பதே முறை என்பேன்.

அளப்பது கடினமன்று. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஒட்டோ ஷிர்மர் 1903-இல் விவரித்த முறையே இன்றும் புழக்கத்தில் உள்ளது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் துண்டின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி வைத்தால், கண்ணீர் தாளில் ஊறிக் கீழே இறங்குகிறது. மனிதருக்கு 5 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் 5 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ நனைந்திருந்தால் சுரப்பு தெளிவாகவே குறைவு. நாய்க்கு 1 நிமிடம் போதும். அதற்குள் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் நனைவது இயல்பு, 10-க்குக் கீழே போனால் நோய் என்று கொள்ளலாம், 5-க்குக் கீழே கடுமையான நிலை. ஒரு நிமிடமும் ஒரு தாள் துண்டும் செலவாகும் இந்தச் சோதனை நடக்காததால் பார்வை போன நாய்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இதனுடன், ஃபுளோரெசின் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழியில் புண் இருக்குமிடம் பச்சையாக ஒளிரும்.

நாயின் கண் உலர்வதெல்லாம் தன்னெதிர்ப்பினால்தான் என்று சொல்லிவிட முடியாது. டிஸ்டெம்பர் வைரஸ் கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும். சல்ஃபா வகை மருந்துகளை உட்கொள்ளும் சில நாய்களுக்குச் சுரப்பு குறையும். சிலவற்றில் மருந்தை நிறுத்திய பிறகும் அது மீள்வதில்லை. சுரப்பிக்குச் செல்லும் நரம்பு பழுதாகிச் சுரப்பு நின்றால், அதே பக்கத்து மூக்குத் துளையும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். கண்ணைப் பார்க்க வந்த மருத்துவர் மூக்கையும் தொட்டுப் பார்ப்பது இதனால்தான். தைராய்டு குறைவும் நீரிழிவும் கண்ணீரைக் குறைக்கக் கூடியவை. மூன்றாம் இமைச் சுரப்பி வெளியே பிதுங்கிச் செர்ரிப் பழம் போல் சிவந்து தெரிவதைச் செர்ரி ஐ என்பார்கள். பார்க்க விகாரமாக இருக்கிறதென்று அதை வெட்டி எடுத்துவிடும் வழக்கம் முன்பு இருந்தது. கண்ணீரில் கணிசமான பங்கு தரும் சுரப்பியை வெட்டி எறிந்ததன் விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. இப்போது அதை உள்ளே தள்ளித் தைத்து வைப்பதே சரியான சிகிச்சை.

இருந்தாலும் பெரும்பான்மைக்குக் காரணம் தன்னெதிர்ப்புதான். அதுவும் குறிப்பிட்ட சில இனங்களில் மிகுதி. அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல், இங்கிலிஷ் புல்டாக், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், லாசா ஆப்சோ, ஷிட்ஸு, பக் ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னணியில் உள்ளவை. கைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்துக்குப் பின் நம் ஊர் வீடுகளில் பக் பெருகியதை நாம் அறிவோம். பக் போலத் தட்டையான முகமும் துருத்திய கண்ணும் கொண்ட இனங்களில் பல நாய்களுக்கு இமையும் முழுதாக மூடுவதில்லை. சுரப்புக் குறைவும் சேர்ந்துகொண்டால் கருவிழியின் நடுப்பகுதிதான் முதலில் காய்கிறது.

மனிதர் பக்கம் வருவோம். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென், கண்ணும் வாயும் ஒருசேரக் காய்ந்துபோன 19 பெண்களைப் பற்றி 1933-இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதமும் இருந்தது. கண், வாய், மூட்டு என்று தனித்தனி மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துவந்ததை, இவை ஒரே நோயின் பல முகங்கள் என்று அவர் சேர்த்துப் பார்த்தார். ஆய்வேட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் குறைவு. பல்கலைக்கழகப் பணிக்கு அது போதவில்லை. யோன்ஷோபிங் என்ற ஊரில் கண் மருத்துவராகப் பணியாற்றிய அவருடைய நூல் 1943-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகே உலகம் கவனித்தது. இன்று அந்த நோய் அவர் பெயராலேயே ஷோகிரென் நோய் எனப்படுகிறது. கண் மருத்துவர்கள் உலர் கண்ணுக்கு வழங்கும் கெராட்டோகஞ்சங்டிவைட்டிஸ் சிக்கா என்ற நீண்ட பெயரும் அவர் கொடுத்ததே. கால்நடை மருத்துவர்கள் நாய்க்கும் அதே பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

ஷோகிரென் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் தொடங்குகிறது. கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல், தண்ணீர் குடிக்காமல் சோறோ ரொட்டியோ விழுங்க முடியாத வறட்சி, முன்பு விரும்பிச் சாப்பிட்ட காரம் நாக்கில் தீயாய் எரிவது, பற்கள் வரிசையாகச் சொத்தையாவது, கன்னத்துக்கும் காதுக்கும் இடையில் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவது, உறங்கி எழுந்தும் தீராத களைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். வயதானால் இப்படித்தான் என்று வீட்டிலுள்ளவர்களும், மாதவிடாய் நிற்கும் காலம் என்று சில மருத்துவர்களும் ஒதுக்கிவிடுவதால் நோயை அறியவே ஆண்டுகள் ஆகின்றன. இரத்தத்தில் ரோ, லா எனப்படும் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்று பார்ப்பதும், கீழுதட்டின் உட்புறத்திலிருந்து கடுகளவு உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்து நுண்ணோக்கியில் லிம்போசைட்டுக் கூட்டத்தைத் தேடுவதும் நோயை உறுதிசெய்யும் வழிகள். ரோ, லா என்பவை முதலில் இவை கண்டறியப்பட்ட நோயாளிகளின் பெயர்களின் முதல் எழுத்துகள்.

இந்த நோயைக் கண்ணோடு நிறுத்திப் பார்க்கக் கூடாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ரோ எதிர்ப்பொருள் உள்ள தாய் கருவுற்றால், அது நஞ்சுக்கொடி வழியே சென்று கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையைச் சிதைக்கக்கூடும். நூறில் ஒன்றிரண்டு பேறுகளில்தான் இது நிகழ்கிறது என்றாலும், முன்கூட்டியே தெரிந்தால் குழந்தையின் துடிப்பைக் கண்காணிக்கலாம். அடுத்தது, ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும் லிம்போசைட்டுகள் சிலருக்குப் புற்றாக மாறுவது. நோயாளிகளில் 5 விழுக்காட்டளவினருக்கு லிம்ஃபோமா வருகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம் வற்றாமல் நிலைத்துவிட்டால் உடனே காட்ட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

நாய்க்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. நாயின் நோய் பெரும்பாலும் கண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வாயும் சேர்ந்து காயும் முழுமையான ஷோகிரென் வடிவம் நாயிடம் அரிது. ஆயினும் உலர் கண் உள்ள நாய்களிடம் பிற தன்னெதிர்ப்பு நோய்களும் சேர்ந்து காணப்படுவதுண்டு. தைராய்டு சுரப்பிக்குள் லிம்போசைட்டுகள் புகுந்து அதை அழிப்பது ஒன்று. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-இல் மனிதரிடம் விவரித்த தைராய்டு நோயின் நாய் வடிவம் அது. மூக்கு நுனியின் கருநிறம் வெளிறிப் புண்ணாகும் லூபஸ், தோலின் செல்களை ஒட்டவைக்கும் பசைப் புரதத்தைத் தாக்கிக் கொப்புளமும் பொருக்கும் உண்டாக்கும் பெம்ஃபிகஸ், சிவப்பணுக்களைத் தாக்கும் இரத்தசோகை ஆகியவையும் இதே குடும்பம். கடைசியாகச் சொன்னது, உலர் கண்ணைப் போலவே காக்கர் ஸ்பேனியலிடம் மிகுதி. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வரும் பன்னஸ் என்ற நோயில் தாக்கப்படுவது சுரப்பியன்று, கருவிழியே. வோக்ட், கொயனாகி, ஹராடா என்ற மூவர் பெயரால் வழங்கும் மனித நோயில் நிறமிச் செல்கள் தாக்கப்பட்டுக் கண்ணின் உட்புறம் அழற்சியுற்று, முடியும் தோலும் வெளுக்கின்றன. ஜப்பானின் அகிட்டா இன நாய்களுக்கும் ஏறத்தாழ அதே கதிதான்.

சிகிச்சையின் வரலாற்றில், நாய் மனிதருக்கு முன்னால் நடந்திருக்கிறது. சாண்டோஸ் என்ற சுவிஸ் மருந்து நிறுவனம், விடுமுறைக்குச் செல்லும் ஊழியர்களிடம் பை கொடுத்து, போகும் இடத்து மண்ணைக் கொண்டுவரச் சொல்வது வழக்கம். புதிய ஆன்டிபயாட்டிக் கிடைக்குமா என்ற தேடல் அது. நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து 1969-இல் வந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சை, சைக்ளோஸ்போரின் என்ற பொருளைத் தந்தது. கிருமிக்கு எதிராக அது பெரிதாக உதவவில்லை. லிம்போசைட்டுகளை அடக்கும் ஆற்றல் அதற்கு இருப்பது 1972-இல் தெரியவந்து, பின்பு உறுப்பு மாற்றுச் சிகிச்சையையே அது மாற்றியது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வன், 1980-களில், நாய்களின் உலர் கண் தன்னெதிர்ப்பு நோய் என்று கருதி, அப்படியானால் லிம்போசைட்டை அடக்கும் இந்த மருந்தைக் கண்ணிலேயே விட்டால் என்ன என்று முயன்றார். வற்றிய கண்களில் நீர் ஊறியது. அந்த மருந்தைக் கொண்ட நாய்க்கான கண் களிம்பு 1995-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. மனிதருக்கான சொட்டு மருந்துக்கு ஒப்புதல் வர 2002 டிசம்பர் ஆயிற்று. புதிய மருந்தை விலங்கிடம் சோதித்து மனிதருக்குக் கொண்டுவருவது பழைய செய்தி. இங்கோ நோயுற்ற நாயைக் குணப்படுத்தவே தொடங்கிய வேலை மனிதருக்கும் வழி திறந்தது.

சைக்ளோஸ்போரின், லிம்போசைட்டுக்குள் தாக்குதல் ஆணையைக் கடத்தும் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுக்கிறது; டாக்ரோலிமஸ் என்ற மற்றொரு மருந்தும் அப்படியே. தாக்குதல் ஓய்ந்த பின் சுரப்பி தேறிவர வேண்டும் என்பதால், பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம். இரண்டாம் வாரத்தில் பயனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். தொடக்க அளவீட்டில் சிறிதாவது கண்ணீர் இருந்த நாய்களில் பெரும்பான்மை நன்றாகத் தேறுகின்றன. முற்றிலும் வற்றிய பின் தொடங்கினால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தேறிய பிறகும் மருந்தை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். நிறுத்தினால் தாக்குதல் மீளும். மனிதருக்கு இதனுடன் செயற்கைக் கண்ணீர், கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பான் கொண்டு மூடுவது, உமிழ்நீர் சுரக்க வைக்கும் பைலோகார்பின் மாத்திரை ஆகியவையும் உதவும். ஒரு நாளில் பலமுறை செயற்கைக் கண்ணீர் விடுபவர்கள் பதப்படுத்தும் பொருள் சேராததைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற அந்தப் பொருளே கருவிழியை அரிக்கக்கூடியது. சிவப்பைக் குறைக்கிறதே என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருந்துக்கடையில் தாமாக வாங்கி விடுவது நாய்க்கும் மனிதருக்கும் ஆபத்து. கருவிழியில் புண் இருந்தால் அது புண்ணை ஆழப்படுத்தும்.

எந்த மருந்துக்கும் இணங்காத நாய்க்கு ஓர் அறுவைச் சிகிச்சை உண்டு. கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயை வாயிலிருந்து பிரித்துக் கண்ணில் கொண்டுபோய்த் தைத்துவிடுகிறார்கள். உமிழ்நீர் கண்ணீராகிறது. சோற்றுத் தட்டைக் கண்டதும் நாயின் கண் நிறைந்து முகமெல்லாம் வழியும். உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்பு கருவிழியில் படிவதும் உண்டு, எனினும் பார்வை தப்பும். ஷோகிரென் நோயாளிக்கு இந்தக் கடனும் வாங்க முடியாது, வாயின் சுரப்பிகளையும் அதே நோய் வற்றவைத்திருக்கும். கண் அந்த அளவுக்குக் காய்ந்தவர்களுக்கு, அவர்களுடைய இரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து பிரித்த தெளிநீரை நீர்த்துச் சொட்டு மருந்தாக்கித் தருகிறார்கள். கண்ணீரில் உள்ள வளர்ச்சிப் புரதங்கள் பலவும் அதில் இருக்கின்றன.